கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணுவது

எங்கள் வேலையில் ஒரு சின்ன உபாயம் உண்டு. நோயாளியின் மூச்சை எண்ணும்போது, எண்ணப்போகிறேன் என்று அவரிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் போச்சு. அவர் மூச்சைப் பற்றியே நினைக்க ஆரம்பித்துவிடுவார், கணக்கு மாறிவிடும். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்போம். நாடி பார்த்து முடித்த பிறகும் கையை விடாமல், கண்ணை மட்டும் நெஞ்சுப் பக்கம் திருப்பி, அது ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுவோம். பெரியவர்களுக்கு 12லிருந்து 20க்குள் இருந்தால் சரி. நர்சிங் படிக்கும்போது கற்றுக்கொண்டது, 26 வருஷமாகச் செய்கிறேன்.

2023ல் ஒரு நைட் டியூட்டி. விடியற்காலை மூன்று மணி இருக்கும், வார்டு அடங்கியிருந்தது. கடைசிக் கட்டில் பாட்டிக்கு மூச்சை எண்ணி, 18 என்று சார்ட்டில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்ன தோன்றியதோ, என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொண்டு என் மூச்சை எண்ணினேன். 24.

ஓடி வரவில்லை, படியேறவில்லை. பத்து நிமிடமாக நாற்காலியில்தான் இருக்கிறேன். மறுபடியும் எண்ணினேன். 23. எண்ணுகிறோம் என்று தெரிந்தே எண்ணும்போது 23 என்றால், தெரியாதபோது எவ்வளவு இருந்திருக்கும்? அன்றைக்கு இதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு டாக்டரிடம் காட்டினேன். பிபி 150/100. மறுபடி மறுபடி பார்த்தும் அதே பக்கத்தில்தான் நின்றது. தினம் காலையில் ஒரு மாத்திரை என்று ஆயிற்று.

ஆனால் என்னை உலுக்கியது அந்த மாத்திரை இல்லை. அதைப் போட ஆரம்பித்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு காலை. சமையல்கட்டில் நிற்கிறேன். கையில் மாத்திரை அட்டை இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் டம்ளர் பாதி காலி. போட்டேனா, இனிமேல்தான் போடப் போகிறேனா என்று தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. முந்தைய ஐந்து நிமிடம் அப்படியே அழிந்துபோயிருந்தது. இருபது பேருக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று கையெழுத்துப் போட்டு எழுதி வைக்கிறவள் நான். என் வாய்க்குள் போனது எனக்குத் தெரியவில்லை.

சந்தேகம் இருந்தால் இன்னொன்றைப் போடாதீர்கள் என்றுதான் நோயாளிகளுக்குச் சொல்வோம். அதையே நானும் செய்தேன், சாயங்காலம் வரை இரண்டு முறை பிபி பார்த்துக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது அந்த ஐந்து நிமிடத்தைத் தேடிக்கொண்டே போனேன். இடது கையில் போன், அதில் உறவுக்காரர்களின் குரூப். அடுப்பில் சாம்பார். பையனின் டிபன் பாக்ஸ் மூடி கிடைக்கவில்லை. அம்மா திண்ணையிலிருந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார், நான் ம் போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் நடுவில் மாத்திரை. எல்லாம் நடந்திருக்கிறது, எதிலும் நான் இருந்ததாகத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் நிறைய பேருக்கு இது புதிதாக இருக்காது. கேஸை நிறுத்தினோமா, கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். வயது என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு 49. வயது இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் வார்டில் நான் எதையும் மறப்பதில்லை.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து தியானம். போனில் ஒரு ஆப் போட்டேன், மணியடிக்கும், ஒரு குரல் பேசும். ஒன்பது நாள் போனது. பத்தாவது நாள் நைட் டியூட்டி. காலை ஐந்து மணிக்கு நான் யாருக்கோ ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். யோகா வகுப்பும் அப்படியே, மார்னிங் டியூட்டி வாரத்தில் போக முடியாது. விட்டுப்போனதும் அதுவே ஒரு குற்ற உணர்வாகி நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அமைதிக்காக ஆரம்பித்தது இன்னொரு பாரம். மனஅமைதி பற்றிப் பேசுகிறவர்கள் காலை நேரத்தை வைத்தே எல்லாவற்றையும் கட்டுகிறார்கள். ஷிஃப்டில் வேலை செய்கிறவர்களை, பஸ் ஓட்டுகிறவர்களை, நெய்வேலியில் சுரங்கத்துக்கு இரவில் இறங்குகிறவர்களை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

எனக்குக் கைகொடுத்தது கடிகாரம் இல்லை, கை கழுவுவது.

சோப்பு போட்டுக் கை கழுவ 40லிருந்து 60 விநாடி ஆக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நக நுனி என்று வரிசை உண்டு. கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன். பிரச்சினையே அதுதான், கண்ணை மூடிக்கொண்டுதான் இத்தனை வருஷமும் செய்திருக்கிறேன். கை வரிசையைச் செய்யும், மனது அடுத்த கட்டிலுக்குப் போயிருக்கும். ஒரு டியூட்டியில் எத்தனையோ முறை கழுவுகிறோம். எல்லா முறையும் முடியாது. இரண்டு முறை மட்டும் முழுசாகக் கழுவுவது என்று வைத்துக்கொண்டேன். வார்டுக்குள் நுழைந்ததும் முதல் முறை, கிளம்பும்போது கடைசி முறை. அந்த நேரத்தில் தண்ணீரின் சூடோ குளிர்ச்சியோ தெரிய வேண்டும், கட்டைவிரலைக் கழுவும்போது கட்டைவிரலில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். யாராவது கூப்பிட்டால், "கை கழுவிட்டு வர்றேன்" என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

கடைசிக் கழுவல் முதலில் நினைத்ததைவிடப் பெரிதாக ஆனது. அன்றைக்கு யாராவது இறந்திருப்பார்கள். யாராவது திட்டியிருப்பார்கள், நான் யாரையாவது கடிந்திருப்பேன். ஒருமுறை பாகூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ட்ரிப்ஸ் எப்போது முடியும் என்று நாலாவது தடவையாகக் கேட்டார். "ஒரு தடவ சொன்னா புரியாதா?" என்று கத்திவிட்டேன். அவர் எதுவும் பேசவில்லை, போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கிளம்பும்போது கை கழுவுகையில்தான் அது திரும்பி வந்தது. ஈரக் கையோடு திரும்பி உள்ளே போனேன். "அப்பா, இன்னும் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும், அடுத்த சிஸ்டர் வந்து எடுத்துவிடுவாங்க" என்றேன். "சரிம்மா, நீ வீட்டுக்குப் போ, பஸ்ஸு போயிடப் போவுது" என்றார். முன்பெல்லாம் இந்த மாதிரிச் சம்பவங்களைப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வைத்திருப்பேன்.

பஸ் என்றதும் பாலங்களைச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் பிரியம் அதிகம்.

எங்கள் வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வேலை புதுச்சேரியில். போய்வர தினம் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. வருஷக்கணக்காக அந்த நேரம் முழுவதும் போனில்தான் போயிற்று. என்ன பார்த்தேன் என்று கேட்டால் ஒன்றுகூட நினைவில்லை. இப்போது ஒரு கட்டு. ஆற்றுப்பாலம் வந்தால் போன் பைக்குள் போக வேண்டும், தண்ணீரைப் பார்க்க வேண்டும், பாலம் முடியும்வரை மூச்சை நீளமாக வெளியே விட வேண்டும். கிளம்பியதும் கெடிலம், அண்ணா பாலம். மஞ்சக்குப்பம் போய், ஆல்பேட்டை தாண்டினால் தென்பெண்ணை. பிறகு ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் என்று நீண்ட தூரம். தவளக்குப்பம் தாண்டிச் சுண்ணாம்பாறு. கடைசியில் அரியாங்குப்பத்து ஆறு, அதைத் தாண்டினால் முருங்கப்பாக்கம், ஊருக்குள் வந்தாயிற்று. நடுவில் வரும் சின்ன வாய்க்கால் பாலங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. போக நாலு, வர நாலு.

மூச்சை வெளியே விடுவதற்குக் காரணம் உண்டு. உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் கூடும், வெளியே விடும்போது கொஞ்சம் குறையும். வேகஸ் என்கிற நரம்பு செய்கிற வேலை அது. மானிட்டரில் பார்த்துக்கொண்டே இருந்தால் சில பேருக்கு, அதிலும் இளம் வயதுக்காரர்களுக்கு, அந்த ஏற்ற இறக்கம் நன்றாகத் தெரியும். அதனால் இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்தால் உடம்பு தானாகத் தணிகிறது. மூக்கைப் பிடித்து எதுவும் செய்ய வேண்டாம், ஜன்னலோரம் உட்கார்ந்து செய்தால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

நாலு பாலமும் ஒரே மாதிரி இல்லை. கெடிலம் குறுகலானது, இரண்டு மூச்சுதான் கிடைக்கும், பல மாதம் தண்ணீரைவிடச் செடிகொடிதான் அதிகம். தென்பெண்ணை அகலம். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் புறப்பட்டு எங்கள் ஊரில் வந்து கடலில் சேர்கிறது. கோடையில் மணலாகக் கிடக்கும், நடுவில் ஒரு ஓடை, அதில் கொக்குகள். சுண்ணாம்பாற்றில் எப்போதும் தண்ணீர் உண்டு, கடல் பக்கத்தில் என்பதால். படகுத்துறை, தென்னை மரங்கள், காலை வெயில் பட்டால் கண் கூசும். சுண்ணாம்பாறும் அரியாங்குப்பத்து ஆறும் செஞ்சியிலிருந்து வருகிற சங்கராபரணியின் இரண்டு கிளைகள் என்பது எனக்கே இப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரியும். இருபது வருஷமாகத் தாண்டிய ஆறு, பெயரைக்கூடக் கேட்டதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நான் டியூட்டியில் இருந்தேன். அதற்கடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டது, கடலூரில் வீடுகளுக்குள் வெள்ளம். வீட்டுக்கு வர வழியில்லை, ஆஸ்பத்திரியிலேயே தங்கினேன். போன் எடுத்தால் வீடியோ மேல் வீடியோ, எது எந்த ஊர், எந்த வருஷத்துது என்றே தெரியாது. ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்போது ஒன்று முடிவு செய்தேன். வீட்டுக்காரரோடு காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை பேசுவது. தண்ணீர் எந்தப் படி வரை வந்திருக்கிறது, அம்மா சாப்பிட்டாரா, குடிதண்ணீர் இருக்கிறதா, இந்த மூன்றைக் கேட்பது. மற்ற நேரம் வேலை. பயம் போய்விடவில்லை, ஆனால் கை நடுங்காமல் ஊசி போட முடிந்தது. பிறகு பஸ் ஓடியபோது பெண்ணைப் பாலத்தில் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். செம்மண் நிறத்தில், மரங்களை இழுத்துக்கொண்டு போயிற்று. அன்றைக்குப் பாலம் முடிந்த பிறகும் நான் போனை எடுக்கவில்லை.

மாத்திரைக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு வழி சொன்னது சுவரில் தொங்கிய தினசரி காலண்டர். பேப்பர்க்காரரோ மளிகைக்கடையோ கொடுப்பது எல்லா வீட்டிலும் இருக்கும், ராகுகாலம், எமகண்டம் பார்த்துவிட்டுக் காலையில் ஒரு தாள் கிழிப்போம். கிழித்துவிட்டுக் கசக்கிப் போடுவதுதான் வழக்கம். இப்போது மாத்திரை போட்ட பிறகுதான் தாளைக் கிழிக்கிறேன். தாள் நேற்றைய தேதியில் இருந்தால் போடவில்லை, இன்றைய தேதி தெரிந்தால் போட்டாயிற்று. வீட்டில் வேறு யாரும் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் அன்றைக்கு மனதறிந்து செய்ய வேண்டிய ஒன்றை எழுதுகிறேன். ஒன்றே ஒன்று. சாமான் பட்டியல் இல்லை, வேலைப் பட்டியல் இல்லை. "பையனிடம் அரியரைப் பற்றிக் கேட்பது, கோபப்படாமல்." "சின்ன நாத்தனாருக்குப் போன்." "மதியம் உட்கார்ந்து சாப்பிடுவது." இந்தக் கடைசி ஒன்றைத்தான் அதிக நாள் எழுதியிருக்கிறேன். நர்சுகளுக்குப் புரியும்.

பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், இரண்டு பேப்பர் நின்றுபோயிருந்தது. கேட்ட அன்றே கத்தியிருப்பேன். ஆனால் எங்களுக்கு மருந்து கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய ஐந்து இருக்கிறது. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். மாணவிகளுக்கு நானே ஓயாமல் சொல்வது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அது ஞாபகம் வந்தது. சொல்லப்போகும் வார்த்தையும் மருந்துதானே. ஆள் சரி, அவனிடம்தான் பேச வேண்டும், அவன் அப்பாவிடம் புகார் சொல்வது கூடாது. அளவு, பேப்பரைப் பற்றி மட்டும், அவன் கூட்டாளிகளைப் பற்றி இல்லை. நேரம், பசியோடு வந்து நிற்கும்போது இல்லை. இரவு தோசை சுட்டுப் போட்டு, நாலாவது தோசையில் கேட்டேன். அவனே எல்லாம் சொன்னான். ஒரு வாத்தியாரிடம் தனியாகக் கேட்டுப் படிக்க ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டியூட்டி மாற்றிக்கொள்ளக் கேட்பவர்களுக்கும் இதே கதைதான். "சிஸ்டர், ஞாயித்துக்கிழம எனக்குப் பதிலா வர்றீங்களா?" என்றால் வாய் தானாகச் சரி சொல்லிவிடும். பிறகு மூன்று நாள் மனதுக்குள் முணுமுணுப்பு. இப்போது, "சாயங்காலம் சொல்றேம்மா" என்கிறேன். பாலங்களில் யோசிக்கிறேன். பாதி நேரம் சரி என்றுதான் சொல்கிறேன், ஆனால் முணுமுணுப்பு இல்லை.

அம்மாவுக்கு 74 வயது. வடலூருக்கு மாதப் பூசம் தவறாமல் போய்க்கொண்டிருந்தவர், இப்போது முட்டி வலியால் தைப்பூசத்துக்கு மட்டும். அங்கே 1872ல் வள்ளலார் கட்டிய சத்திய ஞான சபையில் ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள் உண்டு. மாதப் பூசத்தில் ஆறு விலகும், தைப்பூசத்தன்று ஏழும். ஒரு நாள் சாயங்காலம் அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, நான் போனைத் தள்ளிக்கொண்டே தலையாட்டினேன். "ஏழு திரை விலகினாத்தான் ஜோதி தெரியும்னு வெச்சிருக்காரு. நீ என்னாடி எட்டாவதா ஒண்ணக் கையிலயே வெச்சிருக்கே?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் சுருக்கென்றது.

அதிலிருந்து, வீட்டில் இருக்கும் நாட்களில், விளக்கு வைத்த பிறகு ஒரு மணி நேரம் போன் அரிசி டின் மேல். அந்த நேரத்தில் அம்மாவும் நானும் ஏதாவது கை வேலை செய்வோம். முருங்கைக்கீரை ஆய்வதுதான் எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு இணுக்காக உருவி, பழுத்ததை நீக்கி, பூச்சி பார்த்து, அவசரப்பட்டால் காம்பு சேர்ந்து வரும். முறத்தில் கீரை குவியக் குவிய அம்மா பேசிக்கொண்டே போவார். தானே புயலில் எங்கள் வீட்டுத் தென்னை சாய்ந்தது, சுனாமி அன்று தேவனாம்பட்டினத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சியது, என் அப்பா பெண் பார்க்க வந்தபோது ஒரு வார்த்தைகூடப் பேசாதது. பாதி கேட்ட கதைகள். நான் முழுசாகக் கேட்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

எல்லா நாளும் நடக்கிறது என்று சொன்னால் பொய். நைட் டியூட்டி வாரத்தில் கீரையும் இல்லை, விளக்கும் இல்லை. பஸ்ஸில் தூங்கிவிட்டால் பாலங்கள் போய்விடும். ஆனால் கை கழுவல் போகாது, தாளும் போகாது, வேலையும் காலண்டரும் என்னோடு இருக்கும்வரை. புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: எப்படியும் செய்தே ஆக வேண்டிய ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிப்பது, கடை ஷட்டரைத் தூக்குவது, வண்டிக்கு ஸ்டாண்டு போடுவது, எதுவானாலும் சரி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நான் நிறுத்தவில்லை. பிபி இப்போது கட்டுக்குள் இருக்கிறது, அதில் மாத்திரையின் பங்குதான் பெரிது. மூச்சுப் பயிற்சி செய்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிட்டு ஸ்ட்ரோக்கில் வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

போன வாரம் நைட்டில் மறுபடியும் என் கையைப் பிடித்து எண்ணினேன். 16. பக்கத்தில் இருந்த பயிற்சி மாணவி, "என்ன சிஸ்டர், உங்களுக்கே நாடி பாக்கறீங்க?" என்றாள். "நாடி இல்லம்மா" என்று சொல்லி, அவள் கையை வாங்கி, சும்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே அவளுடையதை எண்ணினேன். 22 இருந்தது. மறுநாள் அவளுக்குத் தேர்வு.

நாளைக்கு எனக்கு ஆஃப். காலையில் கிழிக்கப் போகிற தாளில் எழுத வேண்டியதை இப்போதே முடிவு செய்துவிட்டேன்: அம்மாவுக்குக் கண் டாக்டர், பதினொரு மணி, பையனோடு அனுப்பாமல் நானே கூட்டிப் போவது.